பாய்லர் அறை வாசலில் என் செருப்பு

பட்டறை வீட்டில் பிறந்தவனுக்கு ஒரு சாபம் உண்டு. எங்கே மோட்டார் ஓடினாலும் காது அங்கே போய்விடும். காதோடு நின்றால் பரவாயில்லை, கையும் பின்னாலேயே போகும்.

எங்களுடையது பெரியநாயக்கன்பாளையத்தில் மோட்டார் பட்டறை. அந்தத் திமிரோடுதான் மேல்படிப்புக்கு ஜெர்மனி போனேன். முதல் மாதம் முழுக்க வாயைப் பிளந்தபடியே திரிந்தேன். பஸ் சொன்ன நேரத்துக்கு வந்தது. பேராசிரியர் எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். (பதறிப்போய் நானும் அவருக்காகப் பிடித்தேன். இருவரும் கொஞ்ச நேரம் வெளியிலேயே நின்றோம்.)

பனி கொட்டிய ஒரு சாயங்காலம், விடுதியின் கீழ்த்தளத்துக்குத் துணி துவைக்கப் போனேன். பக்கத்து அறையில் கரகரவென்று சத்தம். ‘பேரிங் போச்சு’ என்று காது தீர்ப்பே சொல்லிவிட்டது. எட்டிப் பார்த்தேன். கட்டடம் முழுவதையும் சூடாக்கும் பாய்லரும் வெந்நீர் பம்ப்பும். ஒரு பொட்டு கிரீஸ் இல்லை. குழாய்கள் விளக்கி வைத்த பாத்திரம் மாதிரி மின்னின. ஆயுத பூஜையன்றுகூட எங்கள் பட்டறை அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. எனக்குச் சிலிர்த்துவிட்டது.

அறைக்கு ஓடி ஸ்க்ரூடிரைவரை எடுத்து வந்தேன். (ஊறுகாய்க்குப் பக்கத்தில் அது இல்லாமல் எங்கள் ஊர்க்காரன் விமானம் ஏறுவானா?) செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனேன். அப்பா செய்வதுபோல ஸ்க்ரூடிரைவர் நுனியை பம்ப்பிலும் பிடியைக் காதிலும் வைத்துக் கேட்டேன். பிறகு நடுவிலிருந்த திருகைக் கொஞ்சமே கொஞ்சம் தளர்த்தினேன்.

வெந்நீர் முகத்தில் பீய்ச்சியது. சிவப்பு விளக்கு எரிந்தது. பம்ப் நின்றுபோனது. நான் வெறுங்காலோடு மாடிக்கு ஓடிவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் கட்டடமே விறைத்தது. எல்லோரும் கோட்டு மாட்டிக்கொண்டு பொதுச் சமையலறைக்கு வந்தார்கள். நானும் போனேன். யாரும் யாரையும் ஏசவில்லை, வரிசையில் நின்று டீ போட்டுக் குடித்தார்கள். பார்க்கப் பார்க்க எனக்கு மலைப்பும் கூடியது, பயமும் கூடியது. விடுதியை விட்டுத் துரத்தினால் படிப்பே போச்சு.

விடுதிப் பொறுப்பாளர் ஹெல்கா அம்மையார் உள்ளே வந்தார். கையில், எங்கள் ஊருக்குப் பக்கத்துத் துடியலூரில் வாங்கிய என் நீலவார் ரப்பர் செருப்பு. அந்தப் பனியில் அதை வேறு யார் போடுவார்கள்? எல்லோரும் என் வெறுங்காலைப் பார்த்தார்கள். எழுந்து நின்று ஒப்புக்கொண்டேன்.

“பம்ப்பை ஏன் தொட்டாய் என்று நாளைக்குக் கேட்கிறேன். செருப்பை ஏன் கழற்றினாய்?”

“அந்த ரூம் கோயில் மாதிரி இருந்துச்சுங்க.” (ஆங்கிலத்தில்தான் சொன்னேன். அதிலும் எப்படியோ ஒரு ‘ங்க’ ஒட்டிக்கொண்டது.)

அவர் செருப்பை என் காலடியில் வைத்தார். “தினமும் அதைத் துடைப்பது நான்தான். இதுவரை ஒருவரும் கவனித்ததில்லை” என்றார்.

துரத்தவில்லை. அந்த செமஸ்டர் முழுக்க அவரோடு சேர்ந்து அந்த அறையைத் துடைப்பதுதான் தண்டனை. மெக்கானிக் வந்து பார்த்ததில் பேரிங் நன்றாகவே இருந்ததாம். குழாயில் காற்று அடைத்திருந்ததுதான் சத்தத்துக்குக் காரணமாம்.

அப்பாவிடம் போனில் சொன்னேன். “பம்ப்ப நிறுத்திப்போட்டே, சரி, போகுது. செருப்ப உட்டுப்போட்டு ஓடியாந்தே பாரு கண்ணு, அதத்தான் வெளிய சொல்ல முடியல” என்றார். அன்றைக்கே பட்டறை முழுக்கச் சொல்லிவிட்டார்.

இப்போது ஊரில்தான் இருக்கிறேன். நான் ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்தால் போதும், என் மனைவி வாசலுக்குப் போய் என் செருப்பை எடுத்து உள்ளே ஒளித்து வைத்துவிடுகிறாள்.

“இப்பப் போயி நிம்மதியா ரிப்பேர் பண்ணுங்க” என்கிறாள்.