மூன்றாவது வரிசை பாஸ்கரன்

இடத்தை நம்புகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. ஆளைப் பார்க்க மாட்டார்கள். ஆள் இருக்கும் இடத்தைத்தான் பார்ப்பார்கள். ஓசூர் பேருந்து நிலையத்தில் நேற்று தேன்கனிக்கோட்டை வண்டி நின்ற இடத்தில் இன்று எது நின்றாலும் பலகையைப் படிக்காமல் ஏறி, சன்னலோரம் பிடித்து, தூங்கி, கிருஷ்ணகிரியில் விழித்துக்கொண்டு, "வண்டியை ஏன்யா மாத்தி நிறுத்தினீங்க?" என்று கண்டக்டரிடம் பாய்வார்களே, அவர்களேதான்.

இந்த இனத்தின் திலகம் எங்கள் பாஸ்கரன். மதுரைப் பக்கம். 2008-ல் ஓசூரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தார். தொழிலாளர் பட்டியல் அப்போதுதான் இணையப் பக்கமாக மாறியிருந்தது. அந்தப் பக்கத்தைத் தானே திறந்து, தானே பொத்தான்களை அழுத்தி, எல்லாம் சரியாக நடக்கிறதா என்று பார்க்கும் ஸ்கிரிப்ட், அதாவது குட்டிக் கம்ப்யூட்டர் நிரல், ஒன்றை எழுதினார். சோதனைக்கென்று 'சோதனைச்சாமி' என்ற இல்லாத தொழிலாளியையும் பட்டியலில் சேர்த்தார். அவருக்குப் பிறகு இருவர் சேர்ந்ததில் சாமி மூன்றாவது வரிசையில் அமர்ந்தார். ஸ்கிரிப்ட் தினமும் வந்து மூன்றாவது வரிசையை வேலையைவிட்டு நீக்கும். பெயர் அதே வரிசையில் இருக்கும்; பக்கத்தில் 'நீக்கம்' என்று மட்டும் விழும். திரையில் 'வெற்றி' என்று பச்சையாக எரியும். பாஸ்கரன் சாமியின் நீக்கத்தை ரத்து செய்துவிட்டு டீ குடிக்கப் போவார்.

ஒருநாள் சென்னம்மாள் என்ற பெண் புதிதாகச் சேர்ந்தார். புதியவர் பெயர் மேலே ஏறும். மற்றவர்கள் ஒரு படி இறங்குவார்கள். சாமி நான்காவதானார். தகடு அழுத்தும் பிரஸ் மிஷினை ஓட்டும் திம்மப்பன் மூன்றாவதானார். ஸ்கிரிப்ட் வந்தது. பச்சை எரிந்தது. அட்டையைக் காட்டிய திம்மப்பனுக்குக் கேட் திறக்கவில்லை; 'மூன்றாவது வரிசை, நீக்கம்' என்றது கேட்டுத் திரை. அவர் பாஸ்கரனைக் கேட்டுக்கு வரவழைத்தார்.

"நேத்துகூட ராத்திரி வரைக்கும் ஓட்டீ பாத்தன் சார். என்னெ எதுக்குத் தூக்கினீங்க?"

"நீங்க எத்தனாவது வரிசைண்ணே?"

"மூணாவது."

"மூணாவதுல இருக்கிறது சோதனைச்சாமி. அவரு இல்லாத ஆளு. இல்லாத ஆளுக்கு வேலை எதுக்குண்ணே?"

திம்மப்பன் தன் கையைத் தானே கிள்ளிப் பார்த்தார். வலித்தது. "இருக்கறன் சார்!" என்றார். திரை ஒப்புக்கொள்ளவில்லையே! இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த சென்னம்மாள், காரணமே இல்லாமல் ஆளைத் துரத்தும் கம்பெனி நமக்கெதற்கு என்று வேலையே வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் பேருந்து ஏறினார்.

கம்ப்யூட்டர் பிரிவின் தலைவி நிர்மலா மேடம் காதுக்கு விஷயம் போனது. "அவரை உடனே பழைய வேலையில போடுங்க" என்றார். பாஸ்கரன் பெயரையா தேடுவார்? மூன்றாவது வரிசையைப் பிரஸ் வேலையில் போடும்படி இன்னொரு ஸ்கிரிப்ட் எழுதினார். தானாக விலகிய சென்னம்மாளின் பெயர் பட்டியலிலிருந்தே போனதில் மற்றவர்கள் ஒரு படி ஏறியிருந்தார்கள்; திம்மப்பன் இரண்டாவது, சாமி மறுபடி மூன்றாவது. வேலை சோதனைச்சாமிக்குப் போயிற்று. அதுவும் நிரந்தரமாக!

பிரஸ் சும்மா நின்றது. போர்மேன் ராமப்பன் மைக்கில் கத்தினார்: "சோதனைச்சாமி எங்கிருந்தாலும் மிஷினுக்கு வரணும்! மொத நாளே மட்டம் போட்டா எப்டிப்பா?" வராத சாமிக்கு மதியத்துக்குள் மெமோவும் தயாரானது. திம்மப்பன் கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்று அத்தனையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில் நிர்மலா மேடமே உட்கார்ந்து, பெயரைத் தேடி, அந்தப் பெயர் இருக்கும் வரிசையில் மட்டும் பொத்தானை அழுத்தும்படி ஸ்கிரிப்ட்டைத் திருத்தினார். திம்மப்பன் உள்ளே போனார். இன்றும் கேட்டில் அட்டையைக் காட்டும்போது, "திம்மப்பன் வந்துட்டன்" என்று மெஷினிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் நுழைகிறார்.

பாஸ்கரனுக்கு மட்டும் மனத்தாங்கல். "பேரை நம்புறாங்க பாருங்க. நாளைக்கு ஆளு பேரை மாத்திட்டா?" என்று என்னிடம் குமுறினார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் ஒன்று. தலைப்பைக்கூடப் படிக்காமல், வழக்கமாக வேடிக்கைக் கட்டுரை வரும் பக்கம் இதுதானே என்று புரட்டியவுடனே புன்னகையைத் தயாராக வைத்துக்கொண்டீர்களே, நல்லவேளை, இந்த வாரம் இங்கே இரங்கல் செய்தி போடவில்லை.