அன்னக்கொடியின் பம்ப் பாஸான கதை

ஒரு காட்டில் ஒரு பொறியியல் கல்லூரி இருந்தது. எந்தக் காட்டில்தான் இல்லை என்று கேட்காதீர்கள், இந்தக் கதைக்கு ஒன்று போதும். அங்கே மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு படித்துவந்தது அன்னக்கொடி என்ற முள்ளம்பன்றி. முள்ளுக்குப் பயந்து பக்கத்தில் யாரும் உட்காராததால் வகுப்பில் அரட்டைக்கு வழியில்லை. பாவம், படித்துத் தொலைத்தது.

அந்த வருடம் முதல்வர் யானை பக்கத்துக் காட்டில் ஏதோ கருத்தரங்குக்குப் போனார். போனவர் சும்மா திரும்பியிருக்கலாம். ஒருங்கிணைந்த பாடத்திட்டம் என்று ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"வெப்பம் தனி, தண்ணி தனி, இரும்பு தனின்னு பிரிஞ்சா உலகம் இருக்கு? இனிமே மூணும் ஒரே பாடம். வருஷம் பூரா ஒரே மெஷின். எல்லாத்தையும் அதுலயே கத்துக்கோங்க!"

அன்னக்கொடிக்கு இது நிஜமாகவே பிடித்திருந்தது. ஒரே ஒரு சின்னச் சிக்கல். முன்பெல்லாம் ஒரு பாடத்தில் கோட்டைவிட்டால் ஒரு அரியரோடு போகும். இப்போது இருப்பதே ஒரு பாடம். மறுதேர்விலும் அது போனால் வருடமே போச்சு, மறுபடியும் முதலிலிருந்து இரண்டாம் ஆண்டு.

பாடங்கள் ஒன்றானதே தவிர, பேராசிரியர்கள் ஒன்றாகவில்லை. வெப்பவியல் கரடி, நீரியக்கவியல் நீர்நாய், பொருள் வலிமைக் காட்டெருமை, மூவருக்கும் மதிப்பெண் தாளில் தனித்தனிக் கட்டம். மூன்றிலும் தேறினால்தான் பாஸ்.

பக்கத்து மலைமேல் இருந்த முயல்கள் தண்ணீருக்கு ஆற்றுக்கும் வீட்டுக்கும் நடந்து நடந்து ஓய்ந்துபோயிருந்தன. அன்னக்கொடி அந்த வருட மெஷினாக அவற்றுக்காகக் காற்றாடியில் ஓடும் ஒரு பம்ப் செய்தது. எட்டு மாத உழைப்பு. தேர்வு நாளன்று தண்ணீர் கொட்டோ கொட்டென்று மேலே கொட்டியது. முயல்கள் குடத்தோடு வந்து ஆடித் தீர்த்தன.

கரடி சார் இயந்திரத்தைத் தொட்டுப் பார்த்தார். "ஜில்லுன்னு இருக்கேம்மா. இதுல என் பாடம் எங்கே?"

நீர்நாய் மேடம் குழாயைத் தட்டினார். "தண்ணி அது பாட்டுக்கு வருது, அது பாட்டுக்குப் போவுது. நான் எதைத்தான் அளக்கறது?"

காட்டெருமை சார் தண்டை முட்டியே பார்த்தார். "உடைய மாட்டேங்குதே. உடைஞ்சாத்தானே வலிமை எவ்வளவுன்னு தெரியும்?"

மூன்று கட்டத்திலும் பூஜ்ஜியம் விழுந்தது.

அடுத்து வீரபாகு என்ற நரியின் பம்ப். முந்தின நாள் தகரத்தை வளைத்துச் செய்தது. ஓடவிட்டதும் அச்சு புகைந்தது, குழாய் பீய்ச்சியடித்தது, தண்டு மடாரென்று முறிந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் மேலே ஏறவில்லை.

"வெப்பம்!" என்றார் கரடி. "கசிவு!" என்றார் நீர்நாய். "முறிவு!" என்று காட்டெருமை கண்கலங்கினார். முதல்வர் யானை துதிக்கையைத் தூக்கினார். "பாத்தீங்களா? மூணும் ஒரே நேரத்துல! இதுதான்யா ஒருங்கிணைப்பு!"

நூற்றுக்கு நூறு.

வீரபாகு அன்னக்கொடியிடம் வந்தது, எட்டியே நின்றுகொண்டு. "அன்னம், நீ மெஷின் செஞ்சே. நான் சிலபஸைச் செஞ்சேன். அடுத்த வாரம் மறுதேர்வு இருக்குல்ல, புத்தியா நடந்துக்கோ."

அன்னக்கொடிக்கு அழுகையாக வந்தது. ஒரு வாரம் பம்பைச் சுற்றிச் சுற்றி வந்தது. கடைசியில் கரடி சாருக்காக அச்சிலிருந்த கிரீஸைத் துடைத்தது. காட்டெருமை சாருக்காகத் தண்டை அரத்தால் அராவியது. நீர்நாய் மேடத்துக்காகத் தன் முதுகிலிருந்தே ஒரு முள்ளைப் பிடுங்கிக் குழாயில் மூன்று ஓட்டை போட்டது. முள்ளைப் பிடுங்கிய வலியைவிட ஓட்டை போட்ட வலி அதிகமாக இருந்தது.

மறுதேர்வில் பம்ப் புகைந்தது, பீய்ச்சியது, முறிந்தது. மூன்று கட்டத்திலும் பேராசிரியர்கள் மகிழ்ச்சியோடு கையெழுத்துப் போட்டார்கள்.

சாயங்காலம் மலையிலிருந்து ஒரு முயல் காலிக் குடத்தோடு இறங்கி வந்தது. "ஏன்டி அன்னம், தண்ணி நின்னுபோச்சே. என்னாச்சு?"

அன்னக்கொடி தலையைத் தூக்கவில்லை.

"பாஸாயிட்டேன்க்கா."

நீதி: ஓடுகிற இயந்திரத்தால் ஊருக்குத்தான் லாபம், மூன்றாம் ஆண்டுக்குப் போக வேண்டுமென்றால் அதைப் பாடத்திட்டப்படி கெடுக்கத் தெரிந்திருக்க வேண்டும்.