போட்டுப் பார்த்து வாங்க வேண்டிய குரல்

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. நீங்களும் என் மகளும் சுகமாக இருக்கிறீர்கள் என்றே நம்பி எழுதுகிறேன். நானும் உங்கள் அத்தையும் சுகம். அவள் சுகத்தை அவள் வாயால் சொல்ல முடியாததால் நானே சேர்த்துச் சொல்லிவிட்டேன். போனில் சொல்லலாம்தான். பக்கத்தில் மகள் நின்று கேட்பாள், "அப்பா, அவர் ஆசையாக் குடுத்ததைப் போய்க் குறை சொல்றீங்களே" என்று கோபிப்பாள். மின்னஞ்சல் எழுதலாம் என்றால் நீங்கள் அன்பளித்த மேக் கணினியில்தான் எழுத வேண்டும். அதன் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு அதைப் பற்றிக் கோள் சொல்ல எனக்குக் கை வரவில்லை. அதனால்தான் பேனா.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கணினியில் ஒரு குறையும் இல்லை. கண்ணாடி மாதிரி இருக்கிறது. தினமும் துடைத்து வைக்கிறேன். ஆனால் தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு உங்கள் அத்தை எத்தனை மாதம் பேசக்கூடாதோ தெரியாது என்று டாக்டர் சொன்னாரே, அன்றிலிருந்து இந்த வீடு வீடாக இல்லை. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தவள், மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து கூப்பிட்டால் அந்தக் கோடியில் ஓடுகிற பிள்ளை நிற்கும். அப்பேர்ப்பட்டவள் எழுதி அழிக்கிற பலகையில் "தண்ணி", "மாத்திரை", "ஃபேன்" என்று ஒற்றை வார்த்தை எழுதிக் காட்டிக்கொண்டிருந்தாள். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. அப்போதுதான் 'பேசும் விரல்' என்ற மென்பொருளைப் பற்றிக் கேள்விப்பட்டேன். நாம் தட்டச்சு செய்தால் அது நம் பேச்சுத் தமிழிலேயே வாய்விட்டுப் பேசும். கோபம், கிண்டல், அதட்டல் என்று குரலைக்கூட மாற்றிக்கொள்ளலாமாம். உடனே வாங்கிவிடுவோம் என்றேன். உங்கள் அத்தை பலகையை எடுத்தாள். "செருப்பையே போட்டுப் பாத்துத்தான் வாங்குவேன். குரலைப் போட்டுப் பாக்காம வாங்கச் சொல்றீங்களா?" என்று எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டாள்.

நியாயமான கேள்வி. நானும் லிஃப்ட் ஆய்வாளராக வேலை பார்த்தவன். ஏறி இறங்கிப் பார்க்காமல் எந்த லிஃப்ட்டுக்கும் கையெழுத்துப் போட்டதில்லை. அந்தக் கம்பெனியின் பக்கத்துக்குப் போனால், விண்டோஸ் கணினி வைத்திருப்பவர்களுக்கு ஒரு மாதம் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கச் சோதனைப் பதிப்பு உண்டு என்று பெரிய பச்சைப் பொத்தான். மேக் கணினிக்கு 'வாங்குக' என்ற பொத்தான் மட்டும்தான். வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டேன்.

"சார், மேக்குக்கு ட்ரையல் கிடையாது சார். டைரக்டா வாங்கிக்கலாம்" என்றது ஒரு பெண் குரல்.

"ஏம்மா, விண்டோஸ்காரங்களுக்கு மட்டும் ருசி பாக்கக் குடுப்பீங்க, மேக்காரங்க கண்ணை மூடிக்கிட்டு முழுங்கணுமா?"

"அதுக்கு வேற டீம் சார்."

"அந்த டீமைக் கூப்பிடும்மா."

"அந்த டீம் இன்னும் வரல சார்."

அந்த டீம் எங்கேயிருந்து வர வேண்டும் என்று கேட்பதற்குள் பாட்டு போட்டுவிட்டாள்.

பிறகு கீழ்வீட்டு ஆடிட்டரிடம் போய், பரணில் கிடந்த அவருடைய பழைய விண்டோஸ் கணினியைக் கேட்டு வாங்கி வந்தேன். நாம் அதன் முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கிற நேரத்தைவிட அது தூங்கி எழுந்திருக்கிற நேரம் அதிகம், விசிறி சத்தம் வேறு மாவு மெஷின் மாதிரி. இருந்தாலும் சோதனைப் பதிப்பு ஏறிக்கொண்டது. ஆனால் மாப்பிள்ளை, சோதனைப் பதிப்பில் எல்லாக் குரலும் வராதாம், 'பணிவு' என்ற ஒரே குரல்தானாம். அது போதாதென்று, கொஞ்சம் நீளமாகப் பேசினால் நடுநடுவே அதுவாக ஒரு வாக்கியத்தைச் சேர்த்துக்கொள்கிறது. பலமுறை வரச்சொல்லியும் வராத பிளம்பர் ஒருநாள் தலைகாட்டினார். உங்கள் அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு படபடவென்று தட்டினாள். கணினியோ தேன் ஒழுகுகிற குரலில், "ஏம்பா, உனக்கு மனசாட்சி இருக்கா? குழாய் ஒழுகி வீடே குளமாயிடுச்சு. நீயெல்லாம் மனுஷனா? முழுப் பதிப்பை வாங்கிப் பயன்பெறுங்கள்" என்றது. அந்த மனிதர் நெகிழ்ந்துபோய், "இவ்வளவு மரியாதையா என்கிட்ட யாரும் பேசினதில்லம்மா" என்று குழாயை மாற்றிக் கொடுத்துவிட்டு, அந்த முழுப் பதிப்பு எந்தக் கடையில் கிடைக்கும் என்று என்னிடம் தனியாக விசாரித்துவிட்டுப் போனார். மைதானத்தையே அடக்கியவள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு. சிரித்ததற்குத் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன், அதையும் பணிவாகவே.

ஆனாலும் அந்தக் குரலுக்கு நான் பழகிவிட்டேன். அவள் தட்டி முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும், தட்டியதை அது சொல்லி முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும், இடையில் புகுந்து பேச வழியே இல்லை. ஹாலுக்கு அடித்த பச்சை வண்ணம் அவளுக்குப் பிடிக்கவே பிடிக்காதாம். எத்தனை வருடமாக அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்! எனக்கு இப்போதுதான் தெரியும்.

போன வாரம் டாக்டரைப் பார்க்கப் போனோம். நான் ஆஸ்பத்திரி லிஃப்ட்டின் கதவு சரியாக மூடவில்லை என்று மேலாளரிடம் விளக்கிக்கொண்டிருந்ததில், அவள் மட்டும் உள்ளே போய்வந்தாள். "என்ன சொன்னார்?" என்றேன். "நல்லா இருக்குன்னார்" என்று எழுதிக் காட்டினாள். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக ஆடிட்டரின் கணினி முன்னால் உட்கார்ந்து என்னையும் உட்காரச் சொன்னாள்.

"ஆபரேஷனுக்கு உள்ள கூட்டிக்கிட்டுப் போனப்ப எனக்கு ரொம்பப் பயமா இருந்துச்சு" என்றது கணினி. "கையைப் பிடிச்சுக்குவீங்கன்னு நெனச்சேன். நீங்க அன்னைக்கும் அந்த லிஃப்ட்டைத்தான் பாத்துக்கிட்டிருந்தீங்க. முழுப் பதிப்பை வாங்கிப் பயன்பெறுங்கள்."

மாப்பிள்ளை, நான் அந்த லிஃப்ட்டைப் பார்த்தது எனக்கும் பயமாக இருந்ததால். கதவையும் கம்பியையும் பார்த்தால் எனக்குப் பயம் குறையும். அதை அவளிடம் சொன்னேன். அவள் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு மறுபடியும் தட்டினாள். "சரி, விடுங்க. இப்ப உங்ககிட்ட முக்கியமா ஒண்ணு சொல்லணும். எனக்கு" என்றது கணினி. அவ்வளவுதான். திரை முழுக்கச் சாம்பல் நிறம். "உங்கள் சோதனைக் காலம் முடிவடைந்தது. நன்றி" என்றது அதே பணிவோடு.

'எனக்கு' என்றால், அவளுக்கு என்ன? நான் பலகையை நீட்டினேன். தலையாட்டி மறுத்துவிட்டாள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. ஒரு கணினிக்கு ஒரு தடவைதான் சோதனைப் பதிப்பாம், வேறு மின்னஞ்சல் கொடுத்து ஏமாற்றப் பார்த்தேன், கண்டுபிடித்துவிட்டது. மருந்துக் கடைக்காரரிடம் அவருடைய கடைக் கணினியைக் கேட்டதற்கு, "பில் போடற மெஷின் சார், அது பேச ஆரம்பிச்சா வியாபாரம் என்னாகறது" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். 'அது என்ன விஷயம்' என்று இரண்டு முறை கேட்டும், முழுப் பதிப்பை வாங்கிவிடலாம் என்று கெஞ்சியும், போட்டுப் பார்த்தது பணிவை மட்டும்தான், அதட்டலைப் போட்டுப் பார்க்காமல் வாங்கக் கூடாது என்ற பிடியிலேயே நிற்கிறாள். கணினி பழுதுபார்ப்பவர் ஒருவர் மட்டும், "மேக்குக்குள்ளேயே விண்டோஸை ஓட வைக்க வழி இருக்கு சார். ஆனா அது ஒரு வீட்டுக்குள்ள இன்னொரு குடும்பத்தைக் குடிவைக்கிற மாதிரி. ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகணும்" என்றார். ஆகவே உங்கள் அன்பளிப்புக்குள் இன்னொரு குடும்பத்தைக் குடிவைக்க உங்கள் மனப்பூர்வமான அனுமதியை வேண்டுகிறேன். மனம் வரவில்லை என்றால், உங்கள் அலுவலகத்தில் ஒதுக்கிப் போட்ட விண்டோஸ் கணினி ஏதாவது இருந்தால் கொஞ்ச நாளைக்குக் கொடுத்து உதவுங்கள். அந்த ஒரு வாக்கியத்தின் மீதியைக் கேட்டுவிட்டுத் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

மகளிடம் இதைக் காட்ட வேண்டாம். இருவரும் வேளைக்குச் சாப்பிட்டு, நிம்மதியாக வேலை பார்த்து, நிறைந்த ஆயுளோடு இருக்க எங்கள் இருவருடைய ஆசியும், அதில் ஒருவருடையது ஓசையில்லாமல்.

இப்படிக்கு,
உங்கள் மாமா

பின்குறிப்பு: மாப்பிள்ளை, இது அத்தை எழுதறது. எழுத்துப்பிழை இருந்தா திருத்தி வைன்னு இதை என்கிட்ட குடுத்துட்டு மாமா உறை வாங்கக் கடைக்குப் போயிருக்கார். நீங்க ஒண்ணும் அனுப்ப வேண்டாம். யாரையும் எங்கேயும் குடிவைக்கவும் வேண்டாம். 'எனக்கு இனிமே பேசலாம்னு டாக்டர் சொல்லிட்டார்'ங்கறதுதான் அந்த மீதி வாக்கியம். வாயாலயே சொல்லியிருக்கலாம். ஆனா அந்த ஆபரேஷன் விஷயத்தை வாயால சொல்ல ஆரம்பிச்சா பாதியில எழுந்து போயிடுவாரேன்னுதான் மெஷின்ல சொன்னேன். அது நின்னு போனதும் மனுஷன் முகத்தைப் பாக்கணுமே! நான் என்ன சொல்ல வந்தேன்னு தெரிஞ்சுக்க இவர் ஊரெல்லாம் அலைஞ்சது இதுதான் முதல் தடவை. இப்ப பலகையில நான் எழுதறதைக்கூடப் புள்ளி வைக்கிற வரைக்கும் நின்னு படிக்கிறார். அதான், கொஞ்ச நாள் இப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன். ஞாயிற்றுக்கிழமை நானே வாயைத் திறந்து சொல்லிடறேன், அதுவரைக்கும் காட்டிக் குடுத்துடாதீங்க. காலிங்பெல் அடிக்குது, அவராத்தான் இருக்கும். இதை அவர் பாக்கறதுக்குள்ள நானே மடிச்சு உறையில போட்டு ஒட்டிடறேன். "வரேன் இருங்க"ன்னு ஒரு சத்தம் போடாம கதவு வரைக்கும் நடந்து போறது இருக்கே, அதுதான் மாப்பிள்ளை ஆபரேஷனைவிடக் கஷ்டமா இருக்கு.