உடும்பு கை நீட்டிய கதை

ஒரு காட்டில், மழை இருட்டினாலே செல்போன் சிக்னல் போய்விடுகிற ஒரு காட்டில், பூவாத்தா என்று ஒரு உடும்பு இருந்தாள். மேட்டுக்கு அந்தப் பக்கம் அவளுக்கு ஒரு பழைய கறையான் புற்று. புற்றுக்குள்ளே அவளுடைய முட்டைகள். பொரிய இன்னும் நாளிருந்தது. உடும்பு முட்டையை நடுவில் எடுத்து இடம் மாற்றி வைத்தால் அப்புறம் அது முட்டை இல்லை, கூழாங்கல்தான். அதனால் புற்று போனால் பிள்ளைகளும் போன மாதிரி.

அதே புற்றைப் பார்த்து எச்சில் விழுங்கிக்கொண்டிருந்தான் கருப்பண்ணன் என்கிற கரடி. கரடிக்குக் கறையான் என்றால் கல்யாணப் பந்தி. அவனைக் கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. மரியாதையாக வந்து, குத்தவைத்து உட்கார்ந்து, புற்றை இடித்துக் கறையானை உறிஞ்சலாம் என்றிருப்பதாகச் சொன்னான். உள்ளே முட்டை ஏதும் இருந்தால் அதையும் சேர்த்தே சாப்பிட்டுவிடுவதாகவும், அதில் தனக்கு ஒரு சிரமமும் இல்லை என்றும் சொன்னான்.

முந்திய காலமாக இருந்தால் ரெண்டு பேரும் அங்கேயே கட்டிப் புரண்டிருப்பார்கள். ஆனால் காடு இப்போது நாகரிகமடைந்திருந்தது. அடிதடி வழக்குகளைக் கேட்டுக் கேட்டு மதியத் தூக்கம் கெட்டுப்போன சிங்கராஜா, இனி எந்தத் தகராறையும் சதுரங்கம் ஆடித்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று கட்டளை போட்டிருந்தார். அந்த விளையாட்டில் யாரை வேண்டுமானாலும் வெட்டலாம், ராஜாவை மட்டும் வெட்டவே மாட்டார்கள் என்று யாரோ சொன்னதில் அவருக்கு அதன்மேல் தனி மதிப்பு வந்துவிட்டது.

ஆக, பௌர்ணமி கழிந்ததும் ஆட்டம் என்று நாள் குறித்தார்கள். பூவாத்தாவுக்குச் சதுரங்கம் தெரியாது. கருப்பண்ணனுக்கு, காய்கள் எப்படி எப்படி நகரும் என்பது வரைக்கும் தெரியும். அதற்கு மேலே ஏதாவது இருக்கிறது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

பூவாத்தா நேராக ஏரிக்கரைக்குப் போனாள். அங்கே வெள்ளியங்கிரி மாஸ்டர் என்கிற கொக்கு சதுரங்க வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். அவர் ஒற்றைக் காலில் நின்று கண்ணைப் பாதி மூடினால் பார்ப்பவர்களுக்குப் பெரிய யோசனையில் இருக்கிற மாதிரியே தெரியும். காட்டில் வேறு யாருக்கும் அந்தத் தகுதி கிடையாது. சுற்றிப்பார்க்க வந்த யாரோ விட்டுப்போன ஒரு செல்போனும் அவரிடம் இருந்தது. கட்டணம், சேரும்போது ஒரு தவளை, அப்புறம் வகுப்புக்கு வகுப்பு ஒரு தவளை.

காய் நகர்த்துவதை மாஸ்டர் முதல் நாளே அரைகுறையாகச் சொல்லி முடித்துவிட்டார். அதெல்லாம் போகப் போக வரும், உலகத்தின் முதல் வரிசை ஆட்டக்காரர்கள் ஆடுவதைப் பார்த்தால் நமக்கும் அதே ஆட்டம் வந்துவிடும் என்பது அவருடைய போதனை. மறுநாளிலிருந்து நேரடி ஒளிபரப்பு. கடல் தாண்டி ஏதோ ஒரு குளிரூரில் கோட்டுப் போட்ட மனிதர்கள் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். முயல், அணில், காட்டுக்கோழி, பூவாத்தா எல்லாரும் செல்போனைச் சுற்றி உட்கார்ந்து அந்த மனிதர்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்கள்.

திரையின் ஓரத்தில் ஒரு பட்டை இருந்தது. வெள்ளைக்காரருக்கு, அதாவது வெள்ளைக்காய் ஆடுகிறவருக்கு, நிலைமை நன்றாக இருந்தால் பட்டையில் வெள்ளை ஏறும். கறுப்புக்கு நன்றாக இருந்தால் கறுப்பு ஏறும். ரெண்டே வகுப்பில் எல்லாரும் பலகையைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பட்டையைப் பார்க்கத் தொடங்கினார்கள். பட்டை ஏறினால் அணில் ஆகா என்றது. இறங்கினால் ச்சே என்றது. ஒரு தடவை ஒரு ஆட்டக்காரர் வெகுநேரம் இமைகூட அசைக்காமல் இருந்தார். இதுதான் தவம் என்று மாஸ்டர் உருகிப்போய், அந்த நிலையின் நுணுக்கங்களை விளக்கினார். பிற்பாடுதான் தெரிந்தது, சிக்னல் போய்ப் படம் உறைந்து நின்றிருக்கிறது. இருந்தாலும் அன்றைக்கு நிறையக் கற்றுக்கொண்டதாக முயல் சொன்னது.

வீட்டுப்பாடமும் உண்டு. காயைக் கட்டத்தின் நட்ட நடுவில் சரிசெய்து வைப்பது, நெற்றியைச் சுருக்குவது, எழுந்துபோய் ஒரு சுற்று நடந்துவிட்டு வருவது, ஒரு வாய் தண்ணீர் குடிப்பது. பூவாத்தா எதையும் பிடித்தால் விடுகிற ஜாதி இல்லை. சிசிலியன் என்று ஒரு தொடக்கத்தை வரிசையாக மனப்பாடம் செய்தாள். நெற்றி சுருக்குவதில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தாள்.

ஒன்றே ஒன்று மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை. எல்லா ஆட்டமும் பாதியிலேயே நின்றுவிடுகிற மாதிரி இருந்தது. பட்டை ஒரு பக்கமாக எகிறும். உடனே ரெண்டு பேரும் கை குலுக்குவார்கள். கேமரா வேறு பலகைக்குப் போய்விடும். கடைசியில் ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"ஏனுங்க மாஸ்டர், கடைசியில அந்த ராஜாவை எப்படிங்க புடிக்கறது?"

வகுப்பே சிரித்தது. மாஸ்டர் மேல்காலை இறக்கி, கீழ்க்காலை ஏற்றிக்கொண்டார்.

"அதெல்லாம் கத்துக்குட்டிங்க பண்றது பூவாத்தா. ஒலகத் தரத்துல யாரும் ராஜாவைத் தொடவே மாட்டாங்க. கை குடுப்பாங்க, முடிஞ்சுது. அதுதான் நாகரிகம்."

சரி, கை கொடுத்தால் ஆட்டம் முடிந்தது என்று பூவாத்தா மனசில் குறித்துக்கொண்டாள்.

ஆட்டநாள் வந்தது. நடுப்பாறையில் கட்டம் கீறிக் காய்களை அடுக்கியிருந்தார்கள். நடுவராக ஆமையார். தகராறு முற்றினால் தலையை உள்ளே இழுத்துக்கொள்வார், எல்லாம் அடங்கியதும் வெளியே நீட்டித் தீர்ப்புச் சொல்வார். அப்படி ஒரு நடுநிலைமை காட்டில் வேறு யாருக்கும் வாய்க்காததால் அவரையே போட்டிருந்தார்கள். ராஜாவின் கட்டளைப்படி எதிராளி மேல் யாரும் கை வைக்கக் கூடாது, மற்றபடி ஆடலாம் என்று அறிவித்துவிட்டு ஆமையார் வெயிலில் சௌகரியமாக உட்கார்ந்தார். மாஸ்டரும் வந்திருந்தார். ஆனால் அன்றைக்குக் குளிரூரில் ரொம்ப முக்கியமான சுற்று என்பதால் செல்போனையும் கொண்டுவந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் நகர்த்தலுக்குப் பூவாத்தா மனப்பாடமாகப் பதில் வைத்தாள். ரெண்டாவதாகக் கருப்பண்ணன் ஓரத்துச் சிப்பாயை எடுத்துச் சும்மா முன்னால் தள்ளினான். பூவாத்தா குனிந்து அந்தச் சிப்பாயை உற்றுப் பார்த்தாள். உலகத் தரத்தில் யாருமே அப்படி ஆடியதில்லை. பழக்கத்தில் திரும்பிப் பாறையின் ஓரத்தைப் பார்த்தாள். அங்கே பட்டை இல்லை, ஒரு ஓணான்தான் இருந்தது. அது தலையை ஆட்டியது. நல்லதற்கு ஆட்டியதா கெட்டதற்கு ஆட்டியதா என்று தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் கருப்பண்ணன் தன் ராணியைக் கொண்டுவந்து வெட்டவெளியில் நிறுத்தினான். பூவாத்தா அதைத் தொடவில்லை. பெரியவர்கள் ராணியைப் பலி கொடுத்து வலை விரித்து வெல்வதை அவள் பார்த்திருக்கிறாள். எங்கே வலை, எங்கே வலை என்று தேடினாள். எழுந்துபோய் ஒரு சுற்று நடந்தாள். ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். கருப்பண்ணன் பாவம், அக்காவுக்கு உடம்புக்கு ஆகவில்லையோ என்று ஆமையாரிடம் விசாரித்தான். கடைசியில் வேறு வழியில்லாமல் ராணியை வெட்டினாள். வலை கிலை ஒன்றும் இல்லை. கரடி கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் அவன் யானையையும் கவனிக்கவில்லை. குதிரைகளையும் கவனிக்கவில்லை. வெயில் ஏறுவதற்குள் அவன் பக்கத்தில் ராஜா மட்டும் தன்னந்தனியே நின்றார். பூவாத்தா பக்கத்தில் ராணி இருந்தாள், ரெண்டு யானைகளும் இருந்தன. முயலும் அணிலும் கண்ணாலேயே வாழ்த்துச் சொல்லிவிட்டன. புற்று தப்பியது, பிள்ளைகள் தப்பின என்று பூவாத்தாவுக்கு வயிறு குளிர்ந்தது.

ஆனால் கருப்பண்ணன் தோல்வியை ஒப்புக்கொள்கிற வழியைக் காணோம். அப்படி ஒரு வழக்கம் இருப்பதே அவனுக்குத் தெரியாது. ராஜாவை ஒரு கட்டம் இந்தப் பக்கம் வைப்பான், மறுபடி ஒரு கட்டம் அந்தப் பக்கம் வைப்பான். நடுநடுவே முதுகைச் சொறிந்துகொள்வான். பூவாத்தாவும் யானையை முன்னே ஒரு தடவை, பின்னே ஒரு தடவை நகர்த்தி, அவன் கை கொடுக்கட்டும் என்று காத்திருந்தாள். எத்தனையோ நேரம் போயிற்று. வெட்கப்படுகிறான் போலிருக்கிறது, பெரியவள் நாம்தான் பெருந்தன்மையாக நடந்துகொள்ள வேண்டும் என்று முடிவு செய்தாள். எழுந்து நின்று, நெற்றியை ஒருமுறை அழகாகச் சுருக்கிவிட்டு, பலகைக்கு மேலே கையை நீட்டினாள்.

கருப்பண்ணன் அந்தக் கையைப் பார்த்தான்.

"ஏனுங்க்கா, கையில முள்ளு ஏதாச்சும் ஏறிடுச்சுங்களா?"

ஆமையார் தொண்டையைச் செருமினார். பூவாத்தா தோல்வியை ஒப்புக்கொண்டதால் புற்று கருப்பண்ணனுக்கு என்று தீர்ப்புச் சொன்னார். பூவாத்தாவுக்கு விளங்கவில்லை. ஆட்டத்தில் யார் முதலில் கை நீட்டுகிறார்களோ அவர்கள்தான் தோற்றவர்கள் என்று ஆமையார் விளக்கினார். இதை முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டதற்கு, விதி ரொம்ப நாளாகவே இருக்கிறது, கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றார். பேச்சு வளரும் போலிருந்ததால் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

பூவாத்தா மாஸ்டரிடம் ஓடினாள். அவர் திரையிலிருந்து ஒரு கண்ணை மட்டும் எடுத்தார்.

"நல்ல தரமான ஆட்டம். ரொம்ப நாகரிகமாத் தோத்தீங்க. கொஞ்சம் நகருங்க, வெயில் அடிக்குது, பட்டை தெரியல."

அதற்குள் மேட்டுக்கு அந்தப் பக்கம் மண் சரிகிற சத்தம் கேட்டது. கருப்பண்ணன் வேலையை ஆரம்பித்துவிட்டான். பூவாத்தாவுக்குச் சிசிலியன் மறந்துபோயிற்று. நெற்றியைச் சுருக்கவும் நேரமில்லை. வயிறு தரையில் தேய ஓடி, கரடியின் கால்களுக்கு இடையில் புகுந்து, புற்று வாயில் நுழைந்து முட்டைகளுக்கு முன்னால் படுத்துக்கொண்டாள்.

கரடி கறையான் தின்பதற்கு ஒரு முறை உண்டு. முதலில் நகத்தால் புற்றின் வாயைப் பெரிதாக்கும். அப்புறம் மூக்கை உள்ளே விட்டு உறிஞ்சும். கருப்பண்ணன் முறைப்படி மூக்கை உள்ளே விட்டான். பூவாத்தா அதைக் கவ்வினாள்.

உடும்புப் பிடி என்று ஊரிலே சும்மா சொல்லவில்லை. கருப்பண்ணன் தலையை இழுத்தான். மூக்கு வரவில்லை. காலை ஊன்றி இழுத்தான். கண்ணில் தண்ணீர்தான் வந்தது. காடே திரண்டு வந்து புற்றைச் சுற்றி நின்றது. இது கட்டளைக்கு விரோதம் அல்லவா என்று காட்டுக்கோழி கேட்டது. கட்டளையில் கை வைக்கக் கூடாது என்றுதான் இருக்கிறது, வாயைப் பற்றிப் பேச்சே இல்லை என்றது அணில். ஆமையாரைக் கேட்கலாமென்றால் அவர் இன்னும் ஓட்டுக்குள்ளேயே இருந்தார். ரெண்டு பேர் சேர்ந்து அவரை அப்படியே உருட்டிக்கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்கள்.

பொழுது சாய்ந்தது. மூக்கடைத்த குரலில் கருப்பண்ணன் மெல்ல முனகினான்.

"அக்கா. உட்டுருங்க்கா. எனக்குக் கறையானும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

பதில் வரவில்லை. வாயைத் திறந்தால்தானே பதில் வரும். கெஞ்சிப் பார்த்துக் களைத்துப்போய், அவன் புற்று வாய்க்கு நேராக ஒரு கையை நீட்டினான். அந்த நேரம் பார்த்து, சத்தம் அடங்கிவிட்டதே என்று ஆமையார் தலையை வெளியே எடுத்தார். நீட்டிய கையைப் பார்த்தார். ஒரு நிமிஷமும் யோசிக்கவில்லை. கை நீட்டியவர் கருப்பண்ணன், ஆகவே தோற்றவர் அவரே, புற்று பூவாத்தாவுக்கு என்று தீர்ப்பை மாற்றிச் சொன்னார். பூவாத்தா வாயைத் திறந்தாள்.

கூட்டம் ஆரவாரம் செய்வதற்குள் மாஸ்டர் பறந்துவந்து புற்றின் உச்சியில் நின்றார். ஒற்றைக் காலில்தான். எல்லாரும் பார்த்தது ஆட்டத்தின் கடைசிக் கட்டம் என்றார். எதிராளி சோரும்வரை பிடியை விடாமல் அழுத்துவதைத்தான் பெரியவர்கள் மணிக்கணக்கில் செய்கிறார்கள் என்றும், தன் வகுப்பில் அதைத் தனிப் பாடமாகவே நடத்துவதாகவும், அந்த ஆட்ட வகைக்குப் பெயர் உடும்பு வேரியேஷன் என்றும் சொன்னார். அடுத்த வகுப்புக்குச் சேர்க்கை தொடங்கிவிட்டது, இனி வகுப்புக்கு ரெண்டு தவளை.

அன்றைக்கே வரிசை நின்றது. வீங்கிய மூக்கோடு முதல் ஆளாக நின்றவன் கருப்பண்ணன். வாழ்நாளில் ஒரு பல்கூட முளைக்காத கொக்கு, எங்கே கவ்வ வேண்டும், எவ்வளவு நேரம் கவ்வ வேண்டும் என்று விளக்கிக்கொண்டே முன்னால் நடந்தது. காடு பின்னால் போயிற்று.

புற்றுக்கு முன்னால் ஆமையார் மட்டும் மிச்சம். அவர் எப்போதும் கடைசியாகத்தான் கிளம்புவார். பூவாத்தா வாயிலிருந்த கரடி மயிரைத் துப்பிவிட்டுத் தலையை நீட்டினாள்.

"ஏனுங்க, நீங்களாச்சும் சொல்லுங்க. அந்த ராஜாவை நெசமாலுமே எப்படிங்க புடிக்கறது?"

ஆமையார் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். ஓட்டுக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"தெரியலீங்க. இதுவரைக்கும் யாரும் புடிச்சு நான் பார்த்ததில்லீங்க."

பிறகு நாலு காலை மட்டும் வெளியே எடுத்து, தலையை எடுக்காமலேயே, மெல்ல நடந்து போனார்.

நீதி: பெரியவர்கள் ஆட்டத்தைப் பார்த்துப் பார்த்தே சதுரங்கம் கற்றுக்கொள்ளலாம், கடிப்பதை மட்டும் வீட்டிலேயே கற்றுக்கொண்டு வர வேண்டும்.