கலர் சேர்க்காத படம்

வானம் பார்க்கும் நண்பர்கள் குழுவுக்கு அனுப்ப வேண்டிய படம், இறந்துபோன மனைவி எவலின் வீட்டாரின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போயிருப்பதை திமோத்தி மதியம்தான் கவனித்தான். அதற்குள் குடும்பமே பார்த்திருந்தது.

ஓரியன் நெபுலா. விண்மீன்கள் பிறக்கும் வாயு மேகம். கலர் சேர்ப்பதற்கு முந்தைய கறுப்பு வெள்ளைப் படம். சாம்பல் புகைக்கு நடுவே சுருண்ட வெள்ளைத் திட்டு.

உடனே அழித்தான். கிள்ளான் ஊரிலிருந்து மாமியார் மகதலேனா அழைத்தார்.

"ஏன் தம்பி அழிச்சே?"

"தப்பா அனுப்பிட்டேன் அத்தை."

"அது தெரியுது. எத்தனை மாசம்?"

புரியச் சற்று நேரமானது.

"அத்தை, அது ஸ்கேன் இல்ல. வானம்."

"வானத்த எவன் தனியாப் போய் எடுப்பான்? யார் கூட?"

"வாணின்னு ஒரு ஃபிரெண்ட். கேமரா அவங்களோடது."

"எங்க வச்சு?"

"கேரி தீவுல. செம்பனை எண்ணெய்த் தோட்டத்துக்குள்ள. அங்கதான் நல்லா இருட்டா இருக்கும்."

தொடர்பு அறுந்தது.

எவலின் போன பிறகு அவனை மகனாக வைத்திருந்தது அந்த வீடு ஒன்றுதான். ஞாயிறு பூசை முடிந்தால் அங்கேதான் சோறு. அதுவும் போய்விடும் போலிருந்தது. விளக்கச் சொல்லி வாணியிடம் மாமியாரின் எண்ணைக் கொடுத்தான்.

வாணி திரும்ப அழைத்தாள். "பேசிட்டேன் லா. ரெண்டு பேரும் எத்தனை ராத்திரி பாடுபட்டோம்னு சொன்னேன். ஆன்டி அழுதுட்டாங்க. ரயில்ல வராங்களாம்."

திமோத்தி நாற்காலியில் உட்கார்ந்தான். நாற்காலி இருந்தது அதிர்ஷ்டம்.

பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் திமோத்தியின் வீட்டுக்கு மாமியாரும் மாமனார் இருதயமும் வந்தபோது, கலர் சேர்த்த படம் லேப்டாப்பில் தயாராக இருந்தது.

"பாருங்க அத்தை. இந்தச் சிவப்பு ஹைட்ரஜன் வாயு. இதுக்குள்ளதான் நட்சத்திரம் பிறக்குது. எனக்கும் வாணிக்கும் ஒண்ணுமில்ல."

மகதலேனா திரையையே பார்த்தார்.

"அப்போ பாப்பா இல்ல?"

"சத்தியமா இல்ல அத்தை."

அவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. குற்றமில்லை என்று நிரூபித்த பிறகும் ஏன் அழுகிறார்? திமோத்தி திகைத்துப்போய் மாமனாரைப் பார்த்தான்.

இருதயம் மெல்லச் சொன்னார்: "பொண்ணாப் பொறந்தா எவலின்னு பேர் வைப்பியான்னு உங்கிட்ட எப்படிக் கேக்கறதுன்னு, வழியெல்லாம் எங்கிட்ட பேசிப் பார்த்துக்கிட்டே வந்தா, தம்பி."