வெயில் மானிக்குச் சந்தனப் பொட்டு

என் வேலை போனதற்குக் காரணம் என் மனைவியின் தம்பி செல்வம்தான். இதை எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன்.

அப்போது நான் விருத்தாசலத்தில் ஒரு கல்லூரிப் பேராசிரியரிடம் தற்காலிக உதவியாளன். பீங்கான் சூளைகளின் புகை எவ்வளவு வெயிலை மறைக்கிறது என்று அவர் அளக்க வேண்டும். தரையில் ஒரு வெயில் மானி, ட்ரோனில் ஒன்று. புகைக்கு மேலே வெயில் கூடுதலாக இருக்கும், கீழே குறையும். அந்த வித்தியாசத்தைச் சூளை முதலாளிகளுக்கே நேரில் காட்டுவதாக ஏற்பாடு. நல்லபடியாக முடிந்தால் என் வேலை நிரந்தரம்.

கல்லூரியில் ட்ரோன் கிடையாது. "நம்ம செல்வம்கிட்ட இருக்குது சார்" என்று வாயைக் கொடுத்தேன். (அவன் கல்யாண வீடியோ எடுக்கிறவன். அந்த ட்ரோன் அதுவரை மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு மேலேதான் பறந்திருக்கிறது.)

அன்று காலை பேராசிரியர் பந்தலில் முதலாளிகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் செல்வம் ட்ரோனுக்குச் சூடம் ஏற்றினான்.

"பூஜை போடாம நான் எதையும் ஏத்த மாட்டேன் மாமா. கண்ண மூடிக் கும்புடுங்க."

மூடினேன். கொளஞ்சியப்பரில் ஆரம்பித்து, தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். திறந்து பார்த்தால், ட்ரோன் தலையில் பொருத்தியிருந்த மானியின் கண்ணாடிக் குமிழ் முழுக்கச் சந்தனம், நடுவில் குங்குமம்.

"நல்லா இருக்குதா மாமா?"

"அம்சமா இருக்குதுடா" என்றேன். (அந்தக் கண்ணாடி வழியாகத்தான் வெயில் உள்ளே போக வேண்டும். ஒரு மாதமாக அதைத் தினமும் துடைத்தவனே நான்தான். புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ!)

ட்ரோன் ஏறியது. மேலே காட்டிய வெயில், தரையில் காட்டியதில் பாதிகூட இல்லை. பேராசிரியருக்கு வியர்த்துவிட்டது. முன்வரிசை முதலாளி ஒருவர் எழுந்தார்.

"மேல போனா வெயில் கம்மியாவுதுங்களா சார்? அப்ப சூரியன் நம்ம ஊருக்கு அடியிலயா இருக்குது?"

ட்ரோனை இறக்கினோம். அவரே வந்து கண்ணாடியைத் தொட்டு, விரலை மோந்து பார்த்தார்.

"எங்க சூளைப் புகையில சந்தன வாசம் வருதுங்களே!"

பந்தலே சிரித்தது. பேராசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. "நாளையிலேர்ந்து நீ வர வேணாம்" என்றார்.

இப்போது அந்த முதலாளியின் சூளையில்தான் வேலை பார்க்கிறேன். புது ஆள் யார் வந்தாலும், "வெயிலுக்கே பொட்டு வெச்சவரு" என்றுதான் என்னைக் காட்டுகிறார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்கிறேன். ஆனால் செல்வம் ஒவ்வொரு விசேஷத்திலும் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, பொட்டு வைத்ததே மாமாதான் என்று கதை விடுகிறான். என் மனைவியும் சேர்ந்து சிரிக்கிறாள்.

டேய் செல்வம், ஆவணியில் உனக்குக் கல்யாணம். மண்டபத்தில் மைக் இருக்கும், சொந்தக்காரர்கள் மொத்தப் பேரும் இருப்பார்கள். மணமேடையில் நின்று, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொல். பொட்டு வைத்தது யார் விரல்? சொல்லிவிட்டு அப்புறம் தாலியைக் கட்டு.