அலுகுனி கொம்பனி

வேலையை ஒழுங்காகச் செய்ததற்காக அவமானப்பட்டவன் இந்தக் குடாநாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்தில் தோட்டங்களுக்கு நீர் இறைக்கும் மெசின்களைத் திருத்துகிற ஒரு பட்டறையில் எனக்குக் களஞ்சியப் பொறுப்பு. (பொறுப்பு என்றால் ஒரு சாவிக்கொத்து. அதை இடுப்பில் செருகிக்கொண்டு நான் நடந்த நடைக்குப் பட்டறையே என்னுடையது என்று நினைத்திருப்பீர்கள்.)

வெளிநாட்டு உதிரிப்பாகம் வராத காலம். கழற்றிய ஒவ்வொரு பாகமும் அதே மெசினுக்குத்தான் திரும்பப் போக வேண்டும். ஒவ்வொன்றிலும் சொந்தக்காரரின் பெயரெழுதி மட்டைத்துண்டு கட்டுவேன். மண்ணெண்ணெயில் கழுவும்போது எழுத்து அழிந்துவிடும். அப்படித்தான் புத்தூரைச் சேர்ந்த இரண்டு சின்னத்துரைமாரின் பாகங்களும் ஒன்றோடொன்று கலந்தன. இரண்டு மெசினும் கிளம்பவில்லை. இன்னொரு தரம் கலந்தால் சாவியை வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்றார் முதலாளி. வீட்டில் ஐந்து பேர் என் சம்பளத்தை நம்பியிருந்தார்கள்.

பயம் மூளையைத் திறந்தது. லேத் மெசினடியில், ஆங்கில எழுத்துகளை இரும்பில் அடித்துப் பதிக்கும் பஞ்ச் பெட்டி ஒன்று இருந்தது. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டாலும் அழியாது. ஆனால் இருவருக்கும் ஒரே பெயர், ஒரே ஊர், தகப்பன் பெயரின் முதலெழுத்தும் ஒன்று. பட்டறைக்குள் மட்டும் எங்களுக்குக் குழப்பமே இல்லை. ஒருவர் வெறும் சின்னத்துரை. மற்றவர் நாளுக்கு இரண்டு தரம் வந்து, தன் வெங்காயம் வாடுகிறதென்று மூக்கால் அழுவார். அவர் அழுகுணி.

இரண்டு மெசினையும் மறுபடி கழற்றிப் பிரித்து, அவருடைய முப்பது பாகங்களிலும் அந்தப் பட்டப்பெயரை ஆங்கில எழுத்தில் அடித்தேன். ஒன்றுகூட மாறவில்லை. மெசின் முதல் இழுவையிலேயே கிளம்பியது.

எடுக்க வந்த சின்னத்துரை அண்ணை குனிந்து எழுத்துக்கூட்டினார். ஆங்கிலத்தில் ஏது ழகரமும் ணகரமும்?

"அ... லு... குனி. உதென்ன தம்பி?"

"ஜப்பான் கொம்பனி, அண்ணை."

(அந்தப் பொய் எங்கிருந்து வந்ததென்று எனக்கு இன்றும் தெரியாது.)

மனிதருக்குப் பெருமை தாங்கவில்லை. ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். அடுத்த கிழமை அயல் தோட்டக்காரரையும் கூட்டிக்கொண்டு, கையில் தன் மெசினின் மூடி ஒன்றோடு முதலாளியிடமே வந்து, இவருக்கும் அலுகுனிச் சாமான்தான் வேண்டுமாம் என்றார். முதலாளி மூடியை வாங்கி, கண்ணாடியைச் சரிசெய்து, யோசிக்காமல் நல்ல தமிழில் "அழுகுணி" என்று உரக்க வாசித்துவிட்டார்.

அண்ணை மூடியைச் சால்வையில் சுற்றிக்கொண்டு போய்விட்டார். முறைப்பாடு இல்லாமல் அவர் போனதை அன்றுதான் பார்த்தேன்.

முதலாளி தீர்ப்புச் சொன்னார். புத்தூருக்குப் போய் அத்தனை எழுத்தையும் அரத்தால் ராவ வேண்டும். அண்ணை மனம் ஆறினால்தான் வேலை.

அவர் வீட்டுக் கிணற்றடியில் மெசினைக் கழற்றிப்போட்டு, குந்தியிருந்து ராவத் தொடங்கினேன். பக்கத்தில் அவர் மனைவி வடகத்துக்கு ஒரு கடகம் நிறைய வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். காற்றோ என் பக்கம். கண்ணால் கொட்டியது, மூக்கால் வடிந்தது. கிறீஸ் கையால் துடைத்ததில் இன்னும் மோசமானது. அண்ணை நெடுநேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மனைவியிடம் மெதுவாகச் சொன்னார்:

"பாத்தியே, ஜப்பான்காரன் அழுறான்."

அந்த அம்மா சிரித்த சிரிப்பில் வெங்காயம் சிதறியது. அண்ணையும் சிரித்தார். கடைசி மூடியை என் கையிலிருந்து வாங்கி வைத்துக்கொண்டார்.

"உதை ராவ வேண்டாம் தம்பி. நாளைக்குத் திரும்பவும் கலந்துபோட்டியள் எண்டால் நான் என்னெண்டு கண்டுபிடிக்கிறது?"

வேலை தப்பியது. பெயர் தப்பவில்லை; அண்ணை பட்டறையில் சொல்லிவிட, அன்றிலிருந்து நான் ஜப்பான்காரன். பட்டறைக்காரர் என் கல்யாணத்துக்கு வந்து மனைவியின் காதிலும் அதைப் போட்டுவிட்டார்கள். இன்று பேரப்பிள்ளைகளில் எது சிணுங்கினாலும் வீட்டில் ஒருவரும் ஏனென்று கேட்பதில்லை. "விடுங்கோ, அது ஜப்பான் பரம்பரை" என்கிறாள் அவள்.